கொம்பின் எடையும் யானையின் வயதும்

1970ஆம் ஆண்டில் கென்யாவின் குடியரசுத் தலைவர் ஜோமோ கென்யாட்டா ஒரே ஒரு யானைக்காகத் தனி ஆணை பிறப்பித்தார். நாட்டின் வடக்கே, வறண்ட நிலத்தின் நடுவில் பச்சையாக எழுந்து நிற்கும் மார்சபிட் மலைக்காட்டில் திரிந்த அகமது என்ற கொம்பனை எவரும் கொல்லக் கூடாது என்றது அந்த ஆணை. அன்றைக்குக் கென்யாவில் யானையைச் சுடுவது குற்றமல்ல. உரிமத்துக்குப் பணம் கட்டியவர் சுடலாம், தந்தத்தை ஊருக்கு எடுத்துப் போகலாம். இந்த ஒன்றை மட்டும் தொடக் கூடாது. அகமதுவின் தந்தங்கள் நடக்கும்போது தரையை உரசும் அளவுக்கு நீண்டவை. அதை வீழ்த்துவதற்கு வேட்டைக்காரர்கள் குறிவைத்திருக்கிறார்கள் என்ற பேச்சு பரவியதும், பள்ளிப் பிள்ளைகள் முதற்கொண்டு பலர் அரசுக்குக் கடிதம் எழுதினார்கள். ஆணை வந்தது. கூடவே துப்பாக்கி ஏந்திய காவலர்களும் வந்தார்கள். அகமது மேய்ந்த இடமெல்லாம் அவர்கள் பின்னால் போனார்கள்.

1974 சனவரியில் அகமது முதுமையால் இறந்தது. தந்தங்கள் தாங்கிப் பிடித்ததால் முழுதும் சரியாமல் பாதி நிமிர்ந்தபடி கிடந்ததாகச் சொல்வார்கள். அறுபத்தைந்து வயதிருக்கும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள்; தாடைப் பற்களின் தேய்மானத்தைப் பார்த்தபோது ஐம்பத்தைந்து என்று தெரிந்தது. தந்தம் ஒவ்வொன்றும் 67 கிலோ. எலும்புக்கூட்டை நைரோபி தேசிய அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அதன் முற்றத்தில் ஆளுயரத்துக்கும் மேலே நிற்கும் சிலையைச் சுற்றுலாப் பயணிகள் இன்றைக்கும் படம் எடுக்கிறார்கள்.

நல்ல கதைதான். ஆனால் கூடவே இன்னொரு கணக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். 1973 வாக்கில் கென்யாவில் சுமார் 1,67,000 யானைகள் இருந்தன. 1989இல் மிஞ்சியவை ஏறக்குறைய 16,000. ஒரு யானைக்கு அரசாணையும் காவலும் கிடைத்த அதே தலைமுறையில் பத்தில் ஒன்பது யானைகள் போய்விட்டன. 1977இல் கென்யா வேட்டையை அடியோடு தடை செய்தது. கள்ள வேட்டை அதற்குப் பிறகும் பன்னிரண்டு ஆண்டுகள் தலைவிரித்தாடியது. 1989 சூலையில் அதிபர் மோய் 12 டன் தந்தத்தைக் குவித்துத் தீ வைத்ததும், அதே ஆண்டு உலக வணிகத்தில் தந்தத்துக்குத் தடை வந்ததும்தான் சரிவை ஓரளவு நிறுத்தின.

அகமதுவுக்குச் சலுகை எதனால் கிடைத்தது என்று கேட்டால் விடை சங்கடமானது. தந்தம் கனமாக இருந்தது, அவ்வளவுதான். வேட்டைக்காரன் எந்தக் காரணத்துக்காக அதை விரும்பினானோ, அதே காரணத்துக்காகத்தான் பாதுகாவலர்களும் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைக்கும் ஒரு தந்தம் நூறு பவுண்டைத் தாண்டினால் அந்த யானைக்குத் தனிப் பெயர், தனிக் கண்காணிப்பு, பத்திரிகையில் படம். தொண்ணூறு பவுண்டு யானைக்கு அந்த மரியாதை இல்லை. நூறு பவுண்டு என்ற கோடு காட்டியலாளர் யாரும் போட்டதல்ல. வேட்டைக் கழகங்கள் போட்டது.

லண்டனில் விலங்குகளைப் பாடம் செய்யும் கடை வைத்திருந்த ரோலண்ட் வார்டு 1892இல் உலகின் பெரிய கொம்புகளையும் தந்தங்களையும் அளந்து பட்டியலிட்டு ஒரு பதிவேடு வெளியிட்டார். அந்தப் பதிவேட்டில் தன் பெயர் ஏற வேண்டும் என்பது ஒரு தலைமுறைச் சீமான்களின் ஆசையாகிப் போனது. 1898இல் கிளிமஞ்சாரோ சரிவில் கொல்லப்பட்ட ஒரு யானையின் தந்தங்கள் சான்சிபார் சந்தைக்கு வந்தபோது ஒவ்வொன்றும் 200 பவுண்டுக்கு மேல் இருந்தது. அவை இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த யானையின் வயது என்ன, எந்தக் கூட்டத்தில் பிறந்தது, எத்தனை குட்டிகளுக்குத் தகப்பன் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எடை மட்டும் இருக்கிறது. கரமோஜோ பெல் என்று பெயரெடுத்த ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கு மேல் யானைகளைக் கொன்றார். அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் மகனோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்து இருவருமாக 512 விலங்குகளைச் சுட்டார். அதில் யானை 11. அருங்காட்சியகத்துக்காக என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். அறிவியலுக்கு எத்தனை, ஆசைக்கு எத்தனை என்று பிரித்துச் சொல்ல அவராலேயே முடிந்திருக்காது.

சில பத்தாண்டுகள் கழித்து வேறொரு காரியமும் நடந்தது. அதைத்தான் பாதுகாப்பு வரலாறுகள் மெதுவாகத் தாண்டிப் போகின்றன. கென்யாவின் சாவோ பகுதியில் வாட்டா என்ற வேட்டைக்குடி இருந்தது. நூறு பவுண்டுக்கு மேல் இழுவிசை கொண்ட நெடுவில்லில், மர நஞ்சு தடவிய அம்பால், பக்கத்தில் போய் நின்று யானையை அடிக்கக் கூடியவர்கள். தலைமுறை தலைமுறையாக யானை இறைச்சியிலும் தந்தத்திலும் வாழ்ந்தவர்கள். ஆங்கில அரசு சாவோவைத் தேசியப் பூங்காவாக்கியபோது அவர்கள் ஒரே இரவில் கள்ள வேட்டைக்காரர்கள் ஆனார்கள். 1950களின் நடுவில் நடந்த பெரிய ஒடுக்குமுறையில் அந்த இனத்தின் ஆண்களில் பெரும்பகுதி சிறைக்குப் போனது. பூங்காவின் எல்லைக்கு வெளியே அதே ஆண்டுகளில் உரிமம் வாங்கிய வெள்ளைக்காரர் அதே யானையைச் சுட்டு, தந்தத்தோடு படம் எடுத்துக்கொண்டார். வில் குற்றம், துப்பாக்கி விளையாட்டு. 1960இல் காலனா ஆற்றங்கரையில் வாட்டா மக்களையே சட்டப்படி வேட்டையாட வைக்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. யோசனை நல்லது. வந்த காலம்தான் பிந்திவிட்டது, நிலைக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். காட்டுயிர்ப் பாதுகாப்பும் சீமான் வேட்டையும் ஒரே வீட்டில் வளர்ந்தவை. உலகக் காட்டுயிர் நிதியம் தொடங்கிய 1961ஆம் ஆண்டின் சனவரியில் இளவரசர் பிலிப் ராசஸ்தானில் புலி சுட்டார். அந்த நிதியத்தின் பிரிட்டன் கிளைக்கு அவர்தான் தலைவரானார். 2012இல் ஸ்பெயின் மன்னர் யுவான் கார்லோஸ் போட்ஸ்வானாவில் யானை வேட்டைக்குப் போய் இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டபோதுதான், அதே நிதியத்தின் ஸ்பெயின் கிளைக்கு அவர் கௌரவத் தலைவர் என்பது பலருக்குத் தெரிந்தது. பிறகு அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள்.

தந்தம் இல்லாத இடத்தில் என்ன செய்தார்கள் என்பதற்கு இலங்கை சாட்சி. அங்கே ஆண் யானைகளில் நூற்றுக்கு ஏழெட்டுக்குத்தான் கொம்பு. மற்றவை நம் மாவுத்தர்கள் மக்னா என்று சொல்லும் வகை. எடை போட ஒன்றுமில்லாததால் அங்கே தலை எண்ணினார்கள். மேஜர் தாமஸ் ரோஜர்ஸ் என்ற அதிகாரி ஆயிரத்துக்கு மேல் யானைகளைக் கொன்றதாகச் சொல்கிறார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அரசே தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுத்தது. 1848க்கு முந்தைய மூன்று ஆண்டுக்குள் வடக்கே ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கும், 1851க்கும் 1856க்கும் இடையே தென் மாகாணத்தில் 2,000 யானைகளுக்கும் சன்மானம் வழங்கப்பட்டதாக அங்கே காலனிச் செயலராக இருந்த எமர்சன் டென்னன்ட் பதிவு செய்திருக்கிறார். சென்னை மாகாணம் 1873இலேயே காட்டு யானைகளைக் காக்கச் சட்டம் போட்டது. கருணையால் என்று நினைக்க வேண்டாம். மரம் இழுக்கவும் பாரம் தூக்கவும் யானை வேண்டியிருந்தது.

கொம்பின் எடையைப் பார்ப்பதை நிறுத்தி யானையின் வயதைப் பார்க்கத் தொடங்கியது அம்போசெலியில்தான். கிளிமஞ்சாரோவின் அடிவாரத்தில், மலைநீர் ஊறிச் சதுப்பாகும் அந்தச் சமவெளியில் 1972 முதல் சிந்தியா மாஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி யானைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு குடும்ப வரலாறு எழுதத் தொடங்கினார். காது மடலின் கிழிசல்தான் அவர்களுக்கு அடையாள அட்டை. ஒரு குட்டி பிறந்த மாதம், தாய், பெரியம்மா, எந்த வறட்சியில் யார் இறந்தது எல்லாம் ஐம்பது ஆண்டுகளாக ஏட்டில் இருக்கிறது. உலகில் வேறெந்தக் காட்டு யானைக் கூட்டத்துக்கும் இப்படியொரு நீண்ட பதிவு இல்லை.

அந்த ஏடு சொன்ன முதல் செய்தி நமக்குப் புதிதல்ல. ஆப்பிரிக்க ஆண் யானைக்கும் மதம் பிடிக்கும் என்று 1981இல் ஜாய்ஸ் பூலும் சிந்தியா மாஸும் எழுதியபோது மேற்கத்திய அறிவியல் வியந்தது. நாம் ஈராயிரம் ஆண்டாகப் பாடிவரும் மதநீரை அவர்கள் அப்போதுதான் கண்டார்கள். இரண்டாவது செய்திதான் பெரியது. நாற்பதைத் தாண்டிய ஆண் யானை மதத்தில் வருவதை நினைத்துப் பாருங்கள். தலையைத் தூக்கி, தாடையை உள்ளே இழுத்துக்கொண்டு, காதுகளை விரைப்பாக வைத்துக்கொண்டு நடக்கும். இரு கன்னத்திலும் மதநீர் கறுத்த கோடாக இறங்கும். பின்னங்காலின் உட்புறம் சிறுநீர் சொட்டிச் சொட்டி நனைந்திருக்கும். நாற்றம் காற்றில் வெகுதூரம் போகும். அதைக் கண்டதும் இருபது வயது வாலிபர்கள் வழிவிட்டு ஒதுங்குவார்கள். பெண் யானைகள் தேர்ந்தெடுப்பது இந்தக் கிழவர்களைத்தான். அம்போசெலி ஆய்வில் ஓர் ஆண் யானை தகப்பனாகும் வாய்ப்பு ஐம்பதை ஒட்டிய வயதில்தான் உச்சத்துக்குப் போகிறது. முப்பதில் அது இன்னும் காத்திருக்கும் பிள்ளை.

வேட்டைத் தொழிலின் பழைய சமாதானம் இதற்கு நேர் எதிரானது. வயதான யானை இனவிருத்தி முடித்துவிட்டது, சாகப் போவதைச் சுடுவதில் என்ன நட்டம் என்பார்கள். தந்தம் சாகும்வரை வளர்ந்துகொண்டே போகிறது. அதனால் கனமான கொம்பு என்றாலே வயதான ஆண் என்று அர்த்தம். பல நாட்டு வேட்டை விதிகள் தந்தத்துக்குக் குறைந்தபட்ச எடையோ நீளமோ வைத்திருக்கின்றன. குட்டிகளைக் காக்க வந்த விதி, துப்பாக்கியை நேராகக் கிழவர்கள் பக்கம் திருப்பிவிடுகிறது.

கிழவர்கள் இல்லாத காடு எப்படி இருக்கும் என்று தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பெர்க் பூங்கா காட்டியது. குரூகர் பூங்காவில் யானைகளின் எண்ணிக்கையைக் குறைக்கக் கூட்டம் கூட்டமாகச் சுட்டபோது தப்பிய குட்டிகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். பெரியவர்கள் யாரும் இல்லாமல் வளர்ந்த ஆண் குட்டிகளுக்கு வயதுக்கு முன்பே மதம் பிடித்தது, மாதக்கணக்கில் இறங்கவில்லை. 1992க்கும் 1997க்கும் இடையே அவை நாற்பதுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. 1998இல் குரூகரிலிருந்து ஆறு பெரிய ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இளசுகளின் மதம் அடங்கியது, கொலை நின்றது. மேற்கொண்டு யாரும் எதுவும் செய்யவில்லை.

மொசாம்பிக்கின் கொரொங்கோசா இன்னொரு பாடம். 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இருதரப்புப் படைகளும் தந்தத்துக்காக யானைகளைக் கொன்றன. பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன. போருக்கு முன் தந்தமில்லாத பெண் யானைகள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. போருக்குப் பின் பாதி. 2021இல் வெளியான ஆய்வு இதன் மரபணுக் காரணத்தையும் காட்டியது. அது கொம்பை வெற்றிச் சின்னமாக எடுத்துப்போகும் டிராபி வேட்டையல்ல, கொள்ளை. ஆனாலும் பெரிய கொம்பைத் தேடித் தேடிச் சுட்டால் கொம்பே அரிதாகும் என்ற கணக்கு இரண்டுக்கும் பொது. மனிதன் எதை அழகென்று கொண்டாடினானோ அதையே இனத்திலிருந்து களைந்துகொண்டிருக்கிறான்.

இனி அம்போசெலியை ஒட்டிய நாட்டெல்லைக்கு வருவோம். கென்யா–தான்சானியா எல்லை கடலிலிருந்து விக்டோரியா ஏரிவரை நேர்கோடாகப் போய், கிளிமஞ்சாரோவிடம் மட்டும் வளைந்து மலையைத் தான்சானியாவுக்கு விட்டுவிடுகிறது. விக்டோரியா ராணி தன் பேரன் கெய்சருக்கு மலையைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார் என்பது சுவையான கட்டுக்கதை. உண்மையில் 1886இல் ஆங்கிலேயரும் செருமானியரும் பேரம் பேசிப் போட்ட கோடு அது. வேலி கிடையாது. அம்போசெலி ஆண் யானைகள் மழைக்கு ஒரு பக்கம், வறட்சிக்கு ஒரு பக்கம் என்று போய் வருகின்றன. வடக்கே 1977 முதல் சுட்டால் சிறை. தெற்கே கட்டணம் கட்டினால் வேட்டை.

1994இல் சிந்தியா மாஸின் ஏட்டில் பெயர் இருந்த சில ஆண் யானைகள் தெற்கே போய்ச் சுடப்பட்டன. பெரும் கூச்சல் எழுந்தது. அந்தப் பகுதியில் யானை வேட்டை இல்லை என்று ஓர் உடன்பாடு வந்தது. எழுத்தில் இல்லை, பேச்சில்தான். அது கிட்டத்தட்ட முப்பது ஆண்டு நின்றது என்பதே வியப்பு. 2023 செப்டம்பரில் முறிந்தது. அடுத்த சில மாதங்களில் எல்லைக்குத் தெற்கே எண்டுயிமெட் பகுதியில் குறைந்தது ஐந்து ஆண் யானைகள் சுடப்பட்டன. நூறு பவுண்டுக் கொம்பன்களும் அதில் உண்டு. அடையாளம் காண முடியாதபடி உடல்களை எரித்துவிட்டதாகவும் செய்தி வந்தது. சட்டத்தை மீறியதாக யார்மீதும் சொல்ல முடியாது, உரிமம் இருந்தது.

சட்டத்தை விட்டுவிடுவோம். வேட்டைக்காரர்களுக்கென்றே ஒரு தர்மம் உண்டு; அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அது. விலங்குக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும், கட்டிப்போட்டதையும் பழக்கியதையும் சுடக் கூடாது என்பது அந்தத் தர்மம். அம்போசெலி யானை ஐம்பது ஆண்டாக ஆய்வாளரின் வண்டியையும் சுற்றுலா வண்டியையும் பார்த்து வளர்ந்தது. இன்ஜின் சத்தம் கேட்டால் தலை நிமிர்ந்து பார்க்காது. புல்லைப் பிடுங்கித் தின்றுகொண்டே இருக்கும். கோட்டுக்குத் தெற்கே வரும் வண்டியில் கேமராவுக்குப் பதில் துப்பாக்கி இருக்கிறது என்று அதற்கு யார் சொல்வது? அதைச் சுடுவது வேட்டைக்காரரின் சொந்த நீதிப்படியே வேட்டையல்ல. வேறெந்த வாதத்தையும்விட இதுதான் எனக்குக் கடைசிச் சொல்லாகத் தோன்றுகிறது. இதை நீதி நூல்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஆனாலும் வேட்டையை ஆதரிப்பவர்கள் எல்லோரும் பேராசைக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. போட்ஸ்வானாவில் ஏறத்தாழ 1,30,000 யானைகள். 2014இல் இயன் காமா ஆட்சி வேட்டையை நிறுத்தியது; 2019இல் அடுத்த அதிபர் மசிசி திரும்பத் திறந்தார். செருமனி டிராபி இறக்குமதியைக் கட்டுப்படுத்தப் பேசியபோது, 2024இல், உங்களுக்கு 20,000 யானைகளை அனுப்புகிறேன், அவற்றோடு நீங்களே வாழ்ந்து பாருங்கள் என்றார். கேலியாகப் போனது அந்தச் செய்தி. வயலில் யானை இறங்கும் இரவைக் கண்டவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். கூடலூரிலும் வால்பாறையிலும் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமீபியாவில் 1996க்குப் பிறகு ஊர்ச்சபைகளுக்குக் காட்டுயிர் உரிமை கொடுத்தார்கள். கேமராப் பயணிகள் எட்டிப் பார்க்காத வறண்ட மூலைகளில் வேட்டைப் பணம்தான் சிலருக்கு வருமானம். அங்கே முழுத் தடை வேண்டும் என்று நைரோபியிலோ லண்டனிலோ சென்னையிலோ உட்கார்ந்துகொண்டு சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு.

தடை போட்ட கென்யாவும் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1977க்கும் 2016க்கும் இடையே அந்நாட்டுக் காட்டு விலங்குகள் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டன. துப்பாக்கி அல்ல, வேலியும் வயலும் ஆட்டுமந்தையும் செய்த வேலை அது. காட்டு விலங்கு அடித்து ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 50 லட்சம் ஷில்லிங் என்று 2013இல் சட்டம் போட்டார்கள். பணம் வந்து சேர ஆண்டுக்கணக்கில் ஆகிறது. வேட்டைத் தடை நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தில் இந்தக் கோப்புகள் யார் மேசையில் தூங்குகின்றன என்ற கேள்வி காணாமல் போகிறது.

ஆனால் எண்டுயிமெட் வறண்ட மூலையல்ல. கிளிமஞ்சாரோவின் நிழலில், உலகின் புகழ்பெற்ற யானைச் சமவெளியை ஒட்டி இருக்கிறது. அங்கே திரியும் பெரிய கொம்பன்கள் சில பத்து என்ற கணக்கிலும் தேறாது. அப்படி ஒன்று உருவாக நாற்பத்தைந்து ஆண்டு ஆகிறது; எந்த ஒதுக்கீட்டு அளவும் அதை ஈடு செய்யாது. ஒரு தோட்டாவுக்கு ஒரு முறை வரும் பணத்தையும், அதே யானையைப் பார்க்க ஆண்டுதோறும் வருபவர்கள் கொடுப்பதையும் ஒப்பிட்டால் கணக்கும் வேட்டைக்கு எதிராகத்தான் நிற்கிறது. அந்தப் பணம் கோட்டுக்கு வடக்கே மட்டும் விழுகிறது என்பதுதான் தெற்கே இருக்கும் மாசாய் ஊர்களின் குறை. நியாயமான குறை.

ஆகவே இரண்டு அரசுகளும் உட்கார்ந்து எழுத வேண்டும். அம்போசெலி யானைகள் நடமாடும் தான்சானியப் பகுதியில் ஆண் யானை வேட்டை இல்லை என்பது முதல் வரி. நூறு பவுண்டு யானைக்கு மட்டுமல்ல, எல்லா ஆண் யானைக்கும். இன்றைய இருபது வயதுக்காரன்தான் 2050இன் கிழவன். வேட்டைக் கட்டணம் நிற்பதால் எண்டுயிமெட் ஊர்கள் இழப்பதை அம்போசெலியின் நுழைவுக் கட்டணத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது வரி. அந்தப் பங்கு தலைநகரங்களான தொடோமாவுக்கோ நைரோபிக்கோ போய்ச் சுற்றி வராமல், சோளக்காட்டை யானைக்கு இழந்த குடும்பத்தின் கையில் முதலில் சேர வேண்டும்.